அடிச்சாச்சு, வரும் லா

அக்கா திரையைப் பார்க்கமாட்டார்.

அவரைப் பற்றி ஒரே ஒரு வரி எழுத இடம் கொடுத்தால் இதைத்தான் எழுதுவேன். நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து தமிழில் தட்டச்சு செய்கிறவர், அடித்தது வந்ததா இல்லையா என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த பத்திக்குப் போய்விடுவார். கண் இடப்பக்கம் சாய்த்து வைத்த ஆங்கில மூலத்தில் இருக்கும். விரல்கள் ஓடும். திரை அப்படியே உறைந்து கிடக்கும். பத்தி முடிந்ததும் எழுந்து கீழே போய்த் தே ஓ, பாலில்லாத தேநீர், வாங்குவார். அவர் திரும்பப் படியேறி வரும் நேரத்தில் எழுத்துகள் ஒன்றொன்றாக, பிறகு கூட்டமாக, பள்ளிக்கூடம் விட்ட மாதிரி திரையில் வந்து கொட்டிக்கொண்டிருக்கும்.

"பார்த்தியா? அடிச்சாச்சு, வரும் லா. எங்க போகப்போகுது?" என்பார், சிங்கப்பூர்ப் பேச்சின் அந்த 'லா'வை விடாமல்.

தேக்காவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பணமாற்றுக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். கல்யாணப் பத்திரிகை, கோயில் அறிவிப்பு, கடை விளம்பரம், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பு, எல்லாம் செய்வோம். பாஸ், அக்கா, நான். மூன்றே பேர். அறைக்குச் சன்னல் ஒன்று இருந்தது. அதை அடைத்துத்தான் குளிர்சாதனப் பெட்டியைப் பொருத்தியிருந்தார்கள். வெளியே வெயிலா மழையா என்பதைக் கீழே போய் வந்தவர்கள் சொன்னால்தான் உண்டு. நான் அப்போதுதான் பாலிடெக்னிக் முடித்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும்வரைதான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, வடிவமைப்பு வேலைக்குச் சேர்ந்தேன்.

அக்காவுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். கல்யாணம் ஆகவில்லை. பூன் லேயில் அண்ணன், அண்ணி, 'தம்பிங்க' என்று அவர் கூப்பிடும் அண்ணன் பையன்கள் ஆகியோரோடு இருந்தார். இதையெல்லாம் அவர் உட்காரவைத்துச் சொல்லவில்லை. கணினி உறைந்து கிடக்கும் இடைவெளிகளில் துண்டு துண்டாகச் சொன்னார். அந்தக் கணினி கொஞ்சம் வேகமாக இருந்திருந்தால் அவரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது.

அந்தக் கணினியைப் பற்றி நான் சொல்லியே ஆகவேண்டும். நினைவகம் இரண்டே ஜிபி. அதில் பெரும்பங்கை இயங்குதளமே தின்றுவிடும். மிச்சத்தில் உலாவி, படங்கள் நிறைந்த ஆவணங்கள் நாலைந்து, அக்கா ஆங்கில விசைகளில் அடிப்பதைத் தமிழாக மாற்றித் தரும் மென்பொருள். இடம் போதாமல் போகும்போது கணினி என்ன செய்யும்? இப்போதைக்குத் தேவைப்படாது என்று அது நினைப்பதை எடுத்து வன்தட்டில் கொண்டுபோய்ப் போடும். நீங்கள் அதையே கேட்டால், வேறொன்றை வெளியே தள்ளிவிட்டு இதை உள்ளே கொண்டுவரும். தள்ளியதை மறுநொடியே கேட்டால், மறுபடியும் மாற்றும். நினைவகம் ஓடுகிற வேகத்துக்குப் பக்கத்தில் வன்தட்டு நடக்கக்கூட இல்லை, தவழ்கிறது. ஒரு கட்டத்தில் மாற்றி மாற்றி வைப்பதே முழுநேர வேலையாகிவிடும். செய்யவேண்டிய வேலை நின்றுவிடும். சுட்டி நகராது. கடிகாரம் பழைய மணியைக் காட்டும். பெட்டியின் முகப்பில் இருக்கும் சின்ன விளக்கு மட்டும் அணையாமல் எரியும். உள்ளேயிருந்து கர்ர், கர்ர் என்று ஒரு சத்தம்.

எனக்கு அதைப் பார்த்தாலே எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கே அப்படி. அக்கா எட்டு வருடமாக அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

பாஸிடம் சொன்னேன். "பாஸ், அக்கா கம்ப்யூட்டருக்கு மெமரி பத்தலை."

"மெமரி ஃபுல்லா? பழைய ஃபைலை எல்லாம் டிலீட் பண்ணச் சொல்லு."

"அது வேற பாஸ். ஃபைல் இருக்கிறது வன்தட்டுல. நான் சொல்றது வேற மெமரி."

"எத்தனை மெமரிமா இருக்கு? எங்க வீட்டுல ஒண்ணே ஒண்ணுதான். அதுவும் என் வைஃப்கிட்ட இருக்கு."

சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் உத்தரவு உத்தரவுதான். அந்த வாரம் முழுக்க அக்கா தன் எட்டு வருடத்துக் கோப்புகளை அழித்துக்கொண்டிருந்தார். யாருடைய காதுகுத்து, யாருடைய கடைத் திறப்பு, எல்லாம் போயிற்று. அழிக்கச் சொன்ன கட்டளையையும் அது உறைந்து நின்றுதான் நிறைவேற்றியது. கடைசியில் வன்தட்டு காலி; வேகம் பழையபடியே. பாஸ் வந்து பார்த்துவிட்டு, "இப்ப ஃபாஸ்ட்டா இருக்குல்ல?" என்றார். அக்கா, "பறக்குது பாஸ்" என்றார், திரையைப் பார்க்காமல்.

நானும் விடவில்லை. ரோச்சோர் பக்கத்து மின்னணுக் கடை ஒன்றில் நினைவகப் பட்டை ஒன்று வாங்கி வந்தேன். பெட்டியைத் திறந்து, தூசியை ஊதி, பட்டையைப் பொருத்தப் பார்த்தால் நுழையவில்லை. பட்டையின் அடியில் இருக்கும் வெட்டு ஓர் இடத்தில்; பெட்டிக்குள் இருக்கும் மேடு வேறோர் இடத்தில். தலைமுறை மாறிப்போன கணினி. அதற்கான பட்டையை இப்போது யாரும் செய்வதில்லை.

"உள்ள போகமாட்டேங்குதா?" என்று அக்கா கேட்டார்.

"இதுக்கு இடம் இருக்குக்கா. ஆனா வெட்டு பொருந்தலை."

"எனக்குப் பார்த்த மாப்பிள்ளை மாதிரியே சொல்ற" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்தியை அடிக்க ஆரம்பித்தார்.

இந்த முன்னால் ஓடுகிற பழக்கம் விரல்களோடு நிற்கவில்லை என்பதைக் கொஞ்ச நாளில் கண்டுகொண்டேன். உணவங்காடியில் வரிசையில் நிற்கும்போதே சில்லறையை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டு, கடைக்காரர் கேட்பதற்கு முன்னால் பதில் சொல்லிவிடுவார். "மிளகாய்ச் சம்பல் அதிகம் வேணாம், இங்கேயே சாப்பிடுறேன், ஆமா ஆமா, முட்டை வேணும்." தொலைபேசியில் அண்ணியோடு பேசும்போது இரண்டு பேருடைய வசனத்தையும் அவரே பேசுவார். "லேட்டாதான் வருவேன் அண்ணி, இல்ல, சாவி இருக்கு, இல்ல, தம்பிங்களை எழுப்பமாட்டேன், சரி." அண்ணி ஏதாவது சொன்னாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

முப்பத்தைந்து வயதைத் தாண்டிய தனி ஆளுக்கும் அரசாங்க வீடு உண்டு, குலுக்கலில் பெயர் விழவேண்டும். அக்கா முதல் தடவை விண்ணப்பம் போட்ட அன்றைக்கே தேக்காவில் திரைச்சீலைத் துணி எடுத்துத் தைக்கவும் கொடுத்துவிட்டாராம். குலுக்கலில் விழவில்லை. அடுத்த தடவையும் இல்லை. பச்சையில் மஞ்சள் இலை போட்ட அந்தத் திரைச்சீலை, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில், எங்கள் அலுவலக அலமாரியில் இருந்தது. அண்ணன் வீட்டில் அதை வைக்க இடமில்லை.

ஒருநாள் உணவு வேளையில் நான் உற்சாகமாக அவருக்கு 'ஸ்வாப்' பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். இடம் போதாதபோது ஒன்றை வெளியே வைப்பது, இன்னொன்றை உள்ளே எடுப்பது. கைகளை ஆட்டி ஆட்டி. பாதியிலேயே அக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

"டீச்சரம்மா, போதும். அது எங்க வீடு."

"என்னது?"

"ஹால்லதான் நான் படுப்பேன். தம்பிங்க டிவி பார்த்து முடிக்கணும். முடிச்சதும் டீப்பாயைத் தள்ளணும். தள்ளினா அது சைக்கிளை இடிக்கும், சைக்கிளை வாசலுக்கு எடுக்கணும். அப்புறம் ஸ்டோர் ரூம்ல இருந்து மெத்தையை இழுக்கணும். இஸ்திரிப் பலகை முன்னாடி நிக்கும், அதை எடுத்து வெளியில வைக்கணும். காலையில அண்ணி எழுந்திரிக்கிறதுக்குள்ள எல்லாத்தையும் திருப்பி வைக்கணும். மெத்தையைச் சுருட்டி உள்ள தள்ளிட்டா, நான் அங்க படுத்தேங்கிறதே தெரியாது. சில நாள் தூங்குற நேரத்தைவிட எடுத்து வைக்கிற நேரம்தான் அதிகம்னு தோணும்."

"அதேதான்கா!" என்று நான் கிட்டத்தட்டக் கத்திவிட்டேன். இவ்வளவு துல்லியமாக எங்கள் விரிவுரையாளரே சொன்னதில்லை என்ற சந்தோஷம். பிறகுதான் அவர் சொன்னது என்னவென்று உறைத்தது.

அவருக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. "அப்போ வெளியே தள்ளினது எப்ப திரும்ப உள்ள வரும்?" என்று கேட்டார்.

"யாராவது கேட்டா."

"நடுவுல இடம் காலியாச்சுன்னா? தானா வந்துராதா?"

"வராதுக்கா. இடம் எவ்வளவு காலியா இருந்தாலும், வெளியே போனது அங்கேயே கிடக்கும். அதை யாராவது கேட்டாதான் உள்ள வரும்."

அக்கா சோற்றைக் கிளறினார். "உன் கம்ப்யூட்டர் ரொம்ப மோசம் லா" என்றார்.

அண்ணனைப் பற்றி அவர் ஒரு குறைகூடச் சொன்னதில்லை. "இது உன் வீடு மாதிரின்னு அண்ணன் அடிக்கடி சொல்லும்" என்பார். பிறகு மொழிபெயர்ப்பாளருக்கே உரிய குரலில், "இந்த 'மாதிரி' இருக்கு பாரு, அதை இங்கிலீஷ்ல போடவே முடியாது. லைக் போட்டா பொருந்தாது, எடுத்துட்டாலும் பொருந்தாது" என்பார்.

அவருடைய பழக்கம் ஆபத்தில் மாட்டிவிடாமலும் இல்லை. ஒரு கோயிலின் அன்னதான அறிவிப்பை அடித்துக்கொண்டிருந்தபோது அண்ணியிடமிருந்து கணினிக்குச் செய்தி வந்தது, இரவுச் சாப்பாட்டுக்கு வருகிறாயா என்று. அக்கா செய்திப் பெட்டியைச் சொடுக்கினார். அது திறந்துவிட்டதாக வைத்துக்கொண்டு பதிலை அடித்தார். திரும்பவும் அறிவிப்பைச் சொடுக்கி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். எல்லாம் திரையைப் பார்க்காமல். செய்திப் பெட்டி திறக்கவே இல்லை. மறுநாள் கோயில் செயலாளர் பாஸுக்குத் தொலைபேசியில் அழைத்து, மெய்ப்பை வாசித்துக் காட்டினார்: 'பக்தர்கள் அனைவரும் திரளாக வருகை தந்து எனக்குச் சாப்பாடு வைக்க வேணாம் அண்ணி வெளியில சாப்பிட்டுக்கிறேன் அன்னதானத்தில் கலந்துகொள்ளுமாறு.'

"வேணாம்னா பரவாயில்லைங்க" என்றாராம் செயலாளர். "ஆனா யாருங்க அந்த அண்ணி?"

பாஸ் குதித்தார். நான் மேசைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு சிரித்தேன். அக்காவும் சிரித்தார். சாயங்காலம் இறங்கும்போதுதான் சொன்னார்: "அந்தப் பதில் அண்ணிக்குப் போகவே இல்லை பாரு. நேத்து எனக்குச் சோறு எடுத்து வச்சிருந்தாங்க. வெளியில சாப்பிட்டேன்னு எப்படிச் சொல்றது? உட்கார்ந்து மறுபடியும் சாப்பிட்டேன்."

அதற்குப் பிறகு கொஞ்ச நாளைக்கு என்னால் அந்தக் கதையை யாரிடமும் சொல்லிச் சிரிக்க முடியவில்லை.

பிறகு அந்தத் தேர்வு வந்தது. ஒரு பெரிய மொழிபெயர்ப்பு நிறுவனம் தமிழுக்கு நிரந்தர ஆள் தேடியது. சம்பளம் எங்கள் பாஸ் கொடுப்பதைவிட நன்றாகவே அதிகம். அக்கா மனுப்போட்டார். குறித்த நாளில் நண்பகலில் மின்னஞ்சலில் ஆங்கில அறிக்கை வரும். ஒன்றரை மணி நேரத்தில் தமிழாக்கித் திருப்பி அனுப்பவேண்டும். அந்தச் சம்பளம் கிடைத்தால் கிளமெண்டியில் ஓர் அறை எடுக்கலாம். எடுக்கலாம் என்ன, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுவதாக இருந்தார். அக்கா போய்ப் பார்த்து, "எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டே வந்திருந்தார். மாதக் கடைசிவரை பொறுப்பதாக அந்த அம்மா வாக்குக் கொடுத்திருந்தார்.

"அக்கா, இன்னும் டெஸ்ட்டே எழுதலை."

"எழுதிருவேன் லா."

"கதவு இருக்காக்கா, அந்த ரூமுக்கு?" என்று ஏதோ கேட்கவேண்டுமே என்று கேட்டேன்.

அவர் முகம் மாறியது. "இருக்கு. உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கு. போட்டுப் பார்த்தேன்" என்றார்.

பூன் லே வீட்டில் கணினி வைக்க மேசை இல்லை. அதனால் பாஸ் சாப்பிடப் போகும் நேரத்தில் அலுவலகத்திலேயே எழுதுவது என்று முடிவாயிற்று. என் மடிக்கணினியைக் கொடுத்தேன். அவருடைய தமிழ் மாற்றியையும் அதில் ஏற்றிக் கொடுத்தேன். முந்தின நாள் பழகிப் பார்த்தார். விசையைத் தொட்டதும் எழுத்து வந்து நின்றது. அக்கா ஒரு சொல் அடிப்பார், நிற்பார், அதைப் பார்ப்பார், திருத்துவார், மறுபடி நிற்பார். கையே ஓடவில்லை.

"இது என்னமா, அடிக்கிறதுக்கு முன்னாடியே என் மூஞ்சியைப் பார்க்குது" என்று தள்ளி வைத்துவிட்டார். "எனக்கு என் பெட்டியே போதும்."

தேர்வு நாள் காலையில் அந்தப் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டு, தேவையில்லாத அத்தனையையும் மூடி வைத்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பாஸ் வந்து, ஓர் இனிப்புக் கடையின் விளம்பரத் தாளில் விலை திருத்தவேண்டும், உடனே என்றார். லட்டும் ஜாங்கிரியும் பக்கம் நிறைந்த பெரிய பெரிய படங்கள். அக்கா அதைத் திறந்தார், திருத்தினார், அனுப்பினார். பாஸ் சாப்பிடப் போனார். மின்னஞ்சல் வந்துவிட்டது. இனிப்புக் கடை திறந்தபடியே கிடந்தது.

பொது இடங்களில் நடந்துகொள்ளவேண்டிய முறை பற்றிய ஒரு நீளமான அறிக்கை. அக்கா ஓட ஆரம்பித்தார். ஒரு பத்திக்கு ஒருமுறை, பழக்கத்தில், சேமிக்கும் விசைகளையும் அழுத்திக்கொண்டே போனார். திரை அவருக்குப் பின்னால், ஒரு வரி, இரண்டு வரி, பிறகு அரைப் பத்தி பிந்தி வந்துகொண்டிருந்தது. நான் என் வேலையைச் செய்வதுபோல் நடித்துக்கொண்டு பெட்டியின் முகப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மினுக்கிக்கொண்டிருந்தது. பிறகு மினுக்குவதை நிறுத்திவிட்டு, எரிந்தது.

கடைசிப் பத்தி. அரைமணிக்கும் மேலாக நேரம் மிச்சம். திரை உறைந்துவிட்டது. அக்கா விசையழுத்தி இனிப்புக் கடை ஆவணத்தை முன்னால் வரவழைத்து, அது மெல்ல வந்து நின்றதும் அதன் மூலையில் இருந்த பெருக்கல் குறியில் சுட்டியைக் கொண்டுபோய்ச் சொடுக்கினார், மூடினால் கொஞ்சம் மூச்சு கிடைக்கும் என்று. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் சொடுக்கினார்.

இத்தனை மாதத்தில் அவர் எதையும் இரண்டு தடவை சொடுக்கி நான் பார்த்ததில்லை. ஒரு தடவை அடித்தால் வரும் என்பதுதான் அவருடைய மொத்த நம்பிக்கையே. அன்றைக்கு அவருக்கும் பயமாக இருந்திருக்கிறது.

பிறகு ஆங்கில மூலத்தின் கடைசி வரியைப் பார்த்து, அதற்குரிய தமிழை அடித்து முடித்துவிட்டு, கையை உதறிக்கொண்டார். "முடிஞ்சுது. வரட்டும்."

இனிப்புக் கடை துண்டு துண்டாக மறைந்தது. லட்டு போயிற்று, அப்புறம் ஜாங்கிரி. அதற்குப் பின்னால் தேர்வு ஆவணம் தெரிந்தது. பிறகு அதன் நடுவில் வெறும் சட்டம் மட்டும் போட்ட ஒரு சின்னப் பெட்டி வந்தது. உள்ளே எழுத்து இல்லை. எனக்கு அந்தச் சட்டத்தின் அளவே போதுமாக இருந்தது. முதல் சொடுக்கு இனிப்புக் கடையை மூடியிருக்கிறது. இரண்டாவது சொடுக்கு, அதே மூலையில், அதற்கு அடியில் இருந்த தேர்வு ஆவணத்தின் பெருக்கல் குறியில் விழுந்திருக்கிறது. 'மாற்றங்களைச் சேமிக்கவா?' என்று கணினி ஆங்கிலத்தில் கேட்கப்போகிறது.

"அக்கா, ரெண்டு தடவை சொடுக்கினதுக்கு அப்புறம் என்ன அடிச்சீங்க?"

"கடைசி வரி. தேங்க் யூதானே. நன்றின்னு அடிச்சேன்."

"எந்த விசை முதல்ல?"

"நன்றிக்கு n தான், வேற என்ன..." என்றவர் நிறுத்தினார். நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. எப்போதும்போல எனக்கு முன்னால் போய்விட்டார். 'சேமிக்க வேண்டாம்' என்ற பொத்தானுக்குக் குறுக்கு விசை அந்த n தான். தமிழ் மாற்றியும் உறைந்து கிடந்ததால் அந்த n ந ஆக மாறாமல், வெறும் n ஆகவே போய்க்கொண்டிருந்தது.

"அப்ப அது இன்னும் போய்ச் சேரலை."

"சேரலை. வழியில இருக்கு."

"தடுக்க முடியாதா?"

"வேற எதை அழுத்தினாலும் அதுக்குப் பின்னாடிதான்கா வரிசையில நிக்கும்."

இரண்டு பேரும் அந்தச் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். நடந்து முடிந்துவிட்ட ஒன்று எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது, நகர இடமில்லை. கர்ர், கர்ர். சட்டத்துக்குள் முதல் சொல் மெல்ல உருவாகிக்கொண்டிருந்தது. அக்காவின் கைகள் இரண்டும் விசைப்பலகைக்கு மேலே, தொடாமல், அந்தரத்தில் நின்றன. அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிப் பார்த்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"கரண்ட்டைப் பிடுங்கினா?"

"கம்ப்யூட்டர் தானா அப்பப்போ ஒரு பிரதி எடுத்து வச்சிருக்கும். அது கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம். நீங்க சேமிச்சது எதுவரைக்கும் போய்ச் சேர்ந்துச்சுன்னு தெரியாது."

"பிடுங்காட்டி?"

"அந்தப் பிரதியும் சேர்ந்து போயிரும்."

"நன்றி சொன்னதுக்கா?" என்றார். சிரிப்பு வந்தது அவருக்கு, அந்த நேரத்திலும். அடுத்த கணம் மேசைக்கு அடியில் காலை நீட்டி, பெருவிரலால் சுவிட்சைத் தட்டிவிட்டார்.

கர்ர் நின்றது. பெட்டிக்குள் விசிறி நின்றது. அந்த அறைக்கு வந்த நாளிலிருந்து நான் கேட்டிராத அமைதி. கீழே பணமாற்றுக் கடையில் யாரோ யாரையோ "வாங்கண்ணே" என்று கூப்பிடுவது அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

மறுபடி போட்டார். அது எழுந்து வருவதற்குள் எனக்கு உயிர் போயிற்று. அக்கா சும்மா உட்காரவில்லை. திரை இருட்டாக இருக்க, கண்ணை ஆங்கில மூலத்தில் வைத்துக்கொண்டு, விசைப்பலகைக்கு முன்னால் இருந்த வெறும் மேசையில் விரல்களால் அடித்துக்கொண்டிருந்தார். மரத்தில் டக்டக்கென்று சத்தம். எதுவரை போனது, எது போகவில்லை என்று தெரியாத நிலையில், எல்லாம் போய்விட்டதாகவே வைத்துக்கொண்டு அவர் மறுபடி எழுத ஆரம்பித்திருந்தார்.

ஆவணம் மீண்டது. கடைசிப் பக்கம் மட்டும் இல்லை.

இப்போது வேறு எதுவும் திறக்கவில்லை. பெட்டி லேசாக இருந்தது. அடித்தவுடன் எழுத்து வந்தது, என் மடிக்கணினியில் வந்தது மாதிரியே. அக்கா இரண்டு சொல் அடித்தார், பார்த்தார், தடுமாறினார். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஆங்கிலப் பத்தியை ஒருமுறை வாசித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே அடித்தார். பத்தி முடிந்ததும் திறந்து அடுத்ததை வாசித்தார், மறுபடி மூடினார். கடைசி வரிக்கு முன்னால் சேமித்தார். சேமித்தாயிற்று என்று திரை சொல்லும்வரை இருந்தார். அதற்கப்புறம்தான் நன்றி என்று அடித்தார்.

பாஸ் பல்லைக் குத்திக்கொண்டே வந்தபோது மின்னஞ்சல் போயிருந்தது. "என்ன, ரெண்டு பேரும் பேயடிச்ச மாதிரி இருக்கீங்க?" என்றார்.

"ஒண்ணுமில்ல பாஸ், மெமரி பத்தலை" என்றார் அக்கா. அப்படியே, அதே மூச்சில், "மாசக் கடைசியோட நான் நின்னுக்கிறேன் பாஸ்" என்றார்.

முடிவு வர ஒரு மாதத்துக்கு மேலாகும் என்று அந்த நிறுவனம் சொல்லியிருந்தது. அதற்குள் அவர் வேலையையும் விட்டு, கிளமெண்டிக்கும் போய்விட்டார், அலமாரியில் இருந்த திரைச்சீலையை மட்டும் அலுவலகத்திலிருந்து எடுத்துக்கொண்டு. நான் தினமும் செய்தி அனுப்பிக் கேட்பேன். தினமும் அதே பதில் வரும்: 'வரும் லா.' அந்த நாள்களில் அவர் எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியாது. உறைந்த திரைக்கு இந்தப் பக்கம் இருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஒருநாள் கேள்வி அனுப்புவதற்கு முன்னாலேயே பதில் வந்தது: 'வந்துருச்சு.'

எனக்கும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. சேர்வதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரைப் பார்க்கப் போனேன். அந்த ஆசிரியை அம்மா கதவைத் திறந்து, "உள்ளதான் இருக்கா, போம்மா" என்றார். அறை சின்னதுதான். ஆனால் சன்னல் இருந்தது. பச்சையில் மஞ்சள் இலை போட்ட திரைச்சீலை, வேறு ஏதோ ஒரு வீட்டின் சன்னலை நினைத்துத் தைத்தது, இங்கே தரையில் ஒரு முழம் புரண்டுகொண்டிருந்தது. புது வேலை, புதுக் கணினி எல்லாவற்றையும் பற்றி நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொல்லி முடித்தார். கண்ணை மூடிக்கொண்டு அடிப்பதைப் பார்த்துப் பக்கத்து மேசைச் சீனப் பெண் தியானம் செய்வதாக நினைத்துக்கொண்டாளாம்.

நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவர் சுவரோரம் நின்றார். தரை முழுக்கக் காலியாக, துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அப்போதுதான் கவனித்தேன். கதவுக்குப் பின்னால், சுருட்டி, கயிறு கட்டி, நிமிர்த்தி வைத்திருந்தார் மெத்தையை.

"காலையிலயே சுருட்டிடுவீங்களா?"

"ஆமா."

"யாருக்காகக்கா?"

அவர் வாயைத் திறந்தார். எல்லாக் கேள்விக்கும் முன்னாலேயே பதில் வைத்திருக்கும் அந்த அக்கா, அந்தச் சுருளைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். கீழே எங்கோ பேருந்து ஒன்று நின்று, கிளம்பிப் போயிற்று.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

"அக்கா, இந்த நாற்காலியில முதுகு வலிக்குது. அந்த மெத்தையைக் கொஞ்சம் விரிங்களேன், ரெண்டு பேரும் உட்காரலாம்."

"இப்பவா? பட்டப்பகல்லயா?"

"ஆமா. கேட்கிறேன்ல?"

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, குனிந்து கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.